14 வயது காரில் இன்ஜின் போச்சு: ரிப்பேரா, ஸ்கிராப்பா?

கல்யாணில் இருக்கிறீர்கள். ஆபீஸுக்கு லோக்கல் ரயில். அப்பா, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகத்தான் கார். மழையில் தேங்கிய தண்ணீருக்குள் அது நின்றுவிட்டது. மெக்கானிக் சொல்கிறார்: "இன்ஜின் போச்சு, 90,000 ஆகும்." செலவு செய்யலாமா?

'போச்சு' என்றால் என்ன?

முதல் விதி: தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். திருப்பாமல் இருந்தால், தண்ணீரை வெளியேற்றி ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதோடு முடியவும் வாய்ப்புண்டு. கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணியாச்சா என்று கேளுங்கள். டெஸ்ட் இல்லாமல் சொன்ன 90,000 வெறும் யூகம்தான்.

இன்ஜினைப் பிரிக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இல்லாவிட்டால், தண்ணீர் புகுந்து இன்ஜின் சேதமானதற்குப் பணம் கிடைப்பது பெரும்பாலும் கஷ்டம்.

எதோடு ஒப்பிடுவது?

புது கார் விலையோடு அல்ல. போன வருஷம் டயருக்குக் கொடுத்த பணத்தோடும் அல்ல, அது போனது போனதுதான். ஓர் உதாரணக் கணக்கு:

- இப்போது இருக்கிறபடியே விற்றால்: 50,000 ரூபாய்
- ரிப்பேர்: 90,000 ரூபாய்
- உங்கள் உண்மையான முதலீடு: 1,40,000 ரூபாய்

மூன்று வருஷம் ஓட்டி 60,000 ரூபாய்க்கு விற்றால், மாதச் செலவு சுமார் 2,200 ரூபாய். ஒரே வருஷத்தில் 50,000 ரூபாய்க்குக் கொடுக்க நேர்ந்தால், மாதம் 7,500 ரூபாய். அந்தப் பணத்துக்கு டாக்டரிடம் கேப்பிலேயே போய் வரலாமே!

15 வருஷம் ஆனால் கார் காலியா?

இல்லை. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் கார்களுக்கான கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. மகாராஷ்டிராவில் 15 வருஷம் முடிந்ததும் ஆர்டிஓ சோதனையில் தேறினால், ஆர்சியை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. ஆகவே 14 வயது காருக்கு ரிப்பேர் செய்யும் முன், பாடியில் துரு, பிரேக், புகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் புதுசாகி, கார் சோதனையில் தோற்றால் மொத்தமும் நஷ்டம்.

குர்லாவில் பழைய இன்ஜின் வாங்கினால்?

செலவு குறையலாம். ஆனால் பில்லும், அந்த இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் வேண்டும். புது இன்ஜின் எண்ணைக் கல்யாண் ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

ஸ்கிராப் என்று முடிவெடுத்தால்?

பதிவு பெற்ற மையத்தில் மட்டும் கொடுத்து, டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். புது தனிநபர் வாகனத்துக்குச் சாலை வரியில் 25% வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டு ஆர்சியை ரத்து செய்யாமல் விட்டால், அந்த எண்ணில் எது நடந்தாலும் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

டெஸ்ட் ரிப்போர்ட், இரண்டு கராஜ்களின் எஸ்டிமேட், ஆர்சி முடியும் தேதி. இந்த மூன்றும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.