தலைமைக் கணினி நின்றால்...

கிணற்றடியில் மின்சார மோட்டாரோடு ஆயில் என்ஜின் ஒன்றையும் வைத்துக்கொள்வது நம் விவசாயிகள் நன்கறிந்த ஏற்பாடு. மின்சாரம் நின்றுவிட்டால் என்ஜினை ஓட்டுகிறோம். வாய்க்காலில் நீர் பாய்கிறது. பயிர் வாடாமற் பிழைக்கிறது. முதற் பொறி நின்றால் அதன் வேலையை மேற்கொள்ள இரண்டாவது பொறி ஒன்று காத்திருக்க வேண்டும் என்னும் இக்கருத்தே கணினித் துறையிலும் கையாளப்பட்டு வருகிறது. எனினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மோட்டார் இறைத்தாலும் என்ஜின் இறைத்தாலும் கிணற்று நீர் ஒன்றே. கணினி காத்து வருவதோ கணக்கு. ஒருவர் எழுதி வந்த கணக்கை மற்றொருவர் ஏற்கும்போது, கடைசியாக எழுதப்பட்ட வரி வரையில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிடில் வேலை நடப்பது போலவே தோன்றும். கணக்கு மட்டும் பிழைபட்டுவிடும்.

இது நமக்கு எட்டாத விஷயமன்று. பட்டா, சிட்டா, கூட்டுறவுச் சங்கத்துக் கடன், பயிர்க் காப்பீடு ஆகிய அனைத்தும் இன்று கணினிகளிலேயே பதிவாகின்றன. காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று ஒரு விவசாயி மாலை நான்கு மணிக்குப் பணம் கட்டி ரசீது பெறுகிறார் எனக் கொள்வோம். அடுத்த நிமிடமே 'சர்வர்' நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் வேறொரு சர்வர் வேலையை ஏற்கிறது. அந்தப் புதிய சர்வரில் அவருடைய பதிவு இருக்கிறதா, இல்லையா? மழை பொய்த்து இழப்பீடு கேட்கும் நாளில் அவருடைய குடும்பத்தின் நிலையே இந்தக் கேள்வியைப் பொறுத்திருக்கும். ஆகவே இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் நலம்.

நாள்வழியும் பேரேடும்

பலருடைய விண்ணப்பங்களையும் ஓரிடத்தில் ஏற்று, கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் பெரிய கணினியையே சர்வர் என்கிறோம். அத்தொகுப்புக்குத் தரவுத்தளம் என்று பெயர். அன்றாடம் எழுதும் தலைமைக் கணினி ஒன்று. அதனை ஒட்டி நகலெடுத்து வரும் துணைக் கணினி ஒன்றோ, பலவோ. இதுவே வழக்கமான அமைப்பாகும்.

நகலெடுக்கும் முறை நம் வணிகர்களின் கணக்கு முறையை ஒத்தது. வரவு செலவை முதலில் நாள்வழியில் எழுதிப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது மரபு. பல நாடுகளில் பயன்பட்டு வரும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் நாள்வழி போன்ற ஓர் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. அந்த நாள்வழியின் வரிகள் துணைக் கணினிக்கு இடைவிடாது அனுப்பப்படுகின்றன. துணைக் கணினி அவற்றைப் படித்துத் தன் பேரேட்டிலும் ஏற்றிக்கொள்கிறது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 9.0 பதிப்பிலிருந்து இவ்வசதி அம்மென்பொருளிலேயே அமைந்திருக்கிறது.

இங்கே இரு வழிகள் உண்டு. தலைமைக் கணினி தான் எழுதியவுடனே ரசீது கொடுத்துவிட்டு, வரியைப் பின்னர் துணைக்கு அனுப்புவது ஒரு வழி. இதில் வேலை விரைவாக நடக்கும். ஆனால் ரசீது கொடுத்தபின், வரி போய்ச் சேருமுன், தலைமை நின்றுவிட்டால் அவ்வரி துணையிடம் இராது. நாம் மேலே சொன்ன விவசாயியின் பதிவு காணாமற்போவது இவ்வாறுதான். துணைக் கணினி 'பெற்றுக்கொண்டேன்' என்று தெரிவித்த பின்னரே ரசீது கொடுப்பது மற்றொரு வழி. இதில் பதிவு தவறாது. ஆனால் ஒவ்வொரு வேலையும் சற்றுத் தாமதமாகும். துணை நின்றுபோனால் தலைமையும் கைகட்டிக் காத்திருக்க நேரிடும். இக்காரணத்தால், துணைகள் இரண்டு மூன்று வைத்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று பெற்றுக்கொண்டாற் போதும் என்று அமைப்பதும் உண்டு. விரைவு பெரிதா, ஒரு வரியும் இழவாமை பெரிதா என்பதை அந்தந்தக் கணக்கின் தன்மையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். நிலமும் பணமும் சார்ந்த கணக்குகளில் விரைவுக்கு இரண்டாம் இடமே தகும்.

இரு தலைவர் கூடாது

தலைமைக் கணினி உண்மையாகவே நின்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? அது 'நலமாக இருக்கிறேன்' என்னும் குறிப்பைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை அனுப்பிவருகிறது. குறித்த நேரம் கடந்தும் குறிப்பு வராவிடில் பொறுப்பு மாற்றப்படும். பேட்ரோனி என்னும் கருவியில் இக்கெடு, வேறு அளவு குறிக்கப்படாவிடில், 30 வினாடி. கெடுவை மிகக் குறைத்தால் சிறு தடங்கலுக்கெல்லாம் தலைமை மாறும்; மிகக் கூட்டினால் மக்கள் காத்துக் கிடக்க நேரிடும்.

குறிப்பு வரவில்லை என்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம் என்பதே இதில் உள்ள சிக்கல். கணினி நின்றிருக்கலாம், அல்லது கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, இடையேயுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். இரண்டாவது நிலையில் துணைக் கணினி தலைமை ஏற்றுவிட்டால், ஊருக்கு இரண்டு தலைவர்கள் ஏற்பட்டுவிடுவர். இருவரும் தனித்தனி ஏட்டில் கணக்கெழுதுவர். ஒரே நிலம் ஓர் ஏட்டில் அண்ணன் பேரிலும், மற்றோர் ஏட்டில் தம்பி பேரிலும் பதிவாகலாம். கணினி நின்றுபோவதைவிட இது கொடிது. நின்ற கணினியை ஓட்டிவிடலாம். முரண்பட்ட இரு கணக்குகளை ஒன்றாக்குவது எளிதன்று.

இதைத் தடுக்க இரண்டு காப்புகள் உள்ளன. முதலாவது, ஊராட்சிக் கூட்டத்தில் நாம் நன்கறிந்த கோரம் என்னும் குறைவெண். காவற் கணினிகள் மூன்றோ ஐந்தோ ஒற்றைப்படையாக வைக்கப்படும். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒப்பினாலன்றித் தலைமை மாறாது. தனித்துப்போன ஒரு கணினி தன்னைத்தானே தலைவராக்கிக்கொள்ள முடியாது. இரண்டாவது, பழைய தலைமையை முற்றிலும் விலக்குதல். பொறுப்பு மாறும்போது பழைய அலுவலரிடமிருந்து சாவியையும் முத்திரையையும் வாங்கிக்கொண்ட பிறகே புதியவர் கையெழுத்திடத் தொடங்குகிறாரல்லவா? அதுபோல முதற் கணினியின் மின்சாரத்தையோ இணைப்பையோ துண்டித்துவிட்டு, பின்னரே துணைக் கணினி எழுதத் தொடங்க வேண்டும். முன்னதை விலக்கிப் பின்னதை ஏற்றுதல் என்னும் இவ்வரிசை தவறலாகாது.

43 வினாடியில் விளைந்த தொல்லை

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் இடர் நேரலாம் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டலாம். மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, பழுதான ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும் பணி நடந்தது. அப்போது கிழக்குக் கடற்கரையிலிருந்த முதன்மை மையத்தின் இணைப்பு 43 வினாடி நேரம் அறுபட்டது. மற்ற இடங்களிலிருந்த காவற் கணினிகள் கூடிக் குறைவெண் பெற்று, மேற்குக் கடற்கரையிலிருந்த கணினிகளைத் தலைமையாக்கின. விதிப்படி இது சரியே. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில வரிகள் அதற்குள் மேற்கை அடைந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய வரிகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மற்றொன்றில் இல்லாத வரிகள் இருந்தமையால், எதையும் தள்ளிவிட இயலவில்லை. பொறியாளர்கள் விரைவைக் கைவிட்டு, கணக்கின் நேர்மையைக் காப்பதெனத் தீர்மானித்தனர். சேவை முழுதும் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. குறைவெண் இரு தலைமையைத் தடுக்குமேயன்றி, வந்து சேராத வரியை வரவழைக்காது என்பதே இதிற் பெறும் பாடம்.

துணை வேறு, காப்பு நகல் வேறு

துணைக் கணினி இருப்பதால் தனியே காப்பு நகல் வேண்டியதில்லை என்று நினைப்பது தவறு. தலைமையில் ஒரு பக்கத்தைத் தவறுதலாக அழித்தால், துணையும் அந்த ஆணையைப் பின்பற்றி உடனே அழித்துவிடும். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில், பின்தங்கிய துணைக் கணினியைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், துணையில் அழிக்க வேண்டியதைத் தலைமையில் அழித்துவிட்டார். காப்பு நகல்களைத் தேடியபோது, அவற்றை எடுக்கும் ஏற்பாடு நெடுநாளாகப் பழுதுபட்டிருந்தது தெரியவந்தது. தற்செயலாக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட நகல் ஒன்று கைகொடுத்தது; இடையில் எழுதப்பட்டவை போயின.

துணையும் தலைமையும் ஒரே கட்டடத்தில் இருப்பதும் போதாது. தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி மின்கலங்களில் தீப்பற்றியபோது, அறுநூறுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் ஒருங்கே நின்றன. அலுவலர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பகமொன்றுக்கு வேறிடத்தில் நகலே இல்லாமையால் அது மீளவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையிலே நம் மாநிலத் தரவு மையம் இருக்க, பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டிருப்பதன் பொருத்தத்தை இதனால் உணரலாம்.

ஒத்திகையும் நம் கடமையும்

ஆண்டு முழுவதும் சாக்குப் போர்த்தி வைத்த என்ஜின், வேண்டிய நாளில் ஓடாது. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பவரே அதை நம்பலாம். துணைக் கணினியும் அத்தகையதே. அலுவல் குறைந்த ஒரு நாளில், முன்னறிவிப்புச் செய்து, தலைமையை மாற்றிப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டியவை வரிசையாக எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றிய பின் பழைய தலைமையைத் துணையாகச் சேர்க்குமுன், அதில் மட்டும் எழுதப்பட்ட வரிகள் உண்டா எனச் சோதித்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அவற்றைப் பாராமல் துடைத்துவிட்டால், யாரோ ஒருவருடைய ரசீது வெறுங்காகிதமாகிவிடும்.

கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ கணினிச் சேவை பெறுமிடங்களில், உறுப்பினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். தலைமை நின்றால் எவ்வளவு நேரத்துப் பதிவுகள் இழக்கப்படலாம்? எவ்வளவு நேரத்தில் சேவை மீளும்? காப்பு நகல் எந்த ஊரில் இருக்கிறது? அதிலிருந்து மீட்டுப் பார்த்தது கடைசியாக எந்த நாள்? விடை சொல்லத் தயங்குவோரிடம் இரண்டு கணினி இருந்தும் பயனில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியது சிறிதே. ரசீதையும், அதிலுள்ள எண், நாள், நேரம் ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சர்வர் நின்று மீண்ட நாளானால், உங்கள் பதிவு இருக்கிறதா என்று மறுமுறை பார்த்துவிடுங்கள். பாராமல் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டாம். பதிவு காணப்படாவிடில் ரசீதோடு உடனே எழுத்து மூலம் முறையிடுங்கள். கடைசி நாள் வரையில் காத்திராமல் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது எல்லாவற்றினும் நன்று. பொறி மாறலாம், பொறுப்பாளர் மாறலாம். உழவர் பேரில் எழுதிய கணக்கு மாறலாகாது. அதைக் காப்பதற்கே இவ்வேற்பாடுகள் அனைத்தும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.