ஃபார்மலினுக்குப் பின் பிரேதப் பரிசோதனை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1963 ஜூன் 12 நள்ளிரவு தாண்டி, கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். 1964ல் நடந்த இரண்டு விசாரணைகளிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு மீண்டும் உயிர்பெற்றபோது, 1991ல் ஆர்லிங்டன் கல்லறையிலிருந்து உடலைத் தோண்டி எடுத்தார்கள். 28 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தும் அது வியக்கும்படி சிதையாமல் இருந்தது. மருத்துவர் மைக்கேல் பேடன் நடத்திய பரிசோதனையில் குண்டின் துணுக்குகள் கிடைத்தன. குற்றம்சாட்டப்பட்ட பைரன் டி லா பெக்வித்துக்கு 1994ல் ஆயுள் தண்டனை.

உடல் அழுகாமலிருக்க ரசாயனம் ஏற்றும் எம்பாமிங் செய்த உபகாரம் அது. ஆனால் எவர்ஸ் குண்டடிபட்டவர். விஷத்தால் இறந்திருந்தால் கதையே வேறு.

கழுத்திலோ தொடையிலோ தமனியைத் திறந்து ஃபார்மால்டிஹைடு, மெத்தனால், சாயம் எல்லாம் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். சிரை வழியாக ரத்தம் வெளியேறும். புரதங்கள் இறுகும், கிருமிகள் மடியும். ஆய்வகத்துக்கு வேண்டிய ரத்தமும் அதோடு போய்விடும். அடுத்து, டிரோகார் என்ற கூர்முனைக் குழாயை வயிற்றில் செருகி, உள்ளுறுப்புகளைத் துளைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சுவார்கள். பழகாத கண்ணுக்கு அந்தத் துளை கத்திக்குத்தாகத் தெரியலாம். சாயம் தரும் இளஞ்சிவப்போ, கார்பன் மோனாக்சைடு நச்சின் நிறத்தைப் போலிருக்கும்.

இவையெல்லாம் அனுபவசாலி பிரித்தறியக்கூடியவை. வேதியியல்தான் உண்மையான தலைவலி. சயனைடு ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்து மறைந்துவிடும். கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்லும் மெத்தனால் இந்தத் திரவத்திலேயே இருப்பதால், அது குடித்ததா, பிறகு ஏற்றியதா என்று சொல்வது மிகக் கடினம். ஆய்வகச் சோதனைகளில் இன்னொரு விசித்திரம்: நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து ஃபார்மால்டிஹைடு பட்டு அமிட்ரிப்டிலினாக மாறியது. இறந்தவர் விழுங்காத மாத்திரை அறிக்கையில் ஏறிவிடும்!

நியூஜெர்சியில் 'டாக்டர் எக்ஸ்' எனப்பட்ட அறுவை மருத்துவர் மீதான வழக்கில் இந்தச் சிக்கல் நீதிமன்றத்துக்கே வந்தது. 1960களில் இறந்த நோயாளிகளின் உடல்களை 1976ல் தோண்டி, குராரே நஞ்சு இருந்ததாக அரசுத் தரப்பு வாதிட்டது. எம்பாமிங் திரவத்தில் அது அத்தனை ஆண்டு தாங்குமா என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் கேட்டார்கள். 1978ல் அந்த அறுவை மருத்துவர் விடுதலையானார்.

வளைகுடாவிலிருந்து விமானத்தில் ஊருக்கு வரும் உடல்கள் பெரும்பாலும் எம்பாமிங் செய்தே வருகின்றன. இங்கே மறுபரிசோதனை கேட்கும் குடும்பத்துக்கு இந்தக் குறைபாடு தெரிந்திருப்பது நல்லது. அப்போதும் எலும்பு முறிவும் காயமும் படிக்கக் கிடைக்கும். கண்ணுக்குள் இருக்கும் கூழ்த் திரவத்தில் மதுவின் அளவைப் பெரும்பாலும் நம்பலாம். பயன்படுத்திய திரவத்தின் மாதிரியும் கிடைத்தால், எது உடலில் இருந்தது, எது பிறகு ஏறியது என்று ஒப்பிட ஆய்வகத்துக்கு ஒரு பிடி கிடைக்கும்.