ஊரிலிருந்தே ஒரு சுகாதாரப் பணியாளர்: பழக்குவது எப்படி, பலன் யாருக்கு?

உங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அடிக்கடி என்ன நோய் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பேதி, குடற்புழு, சிரங்கு, காய்ச்சல். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே தடுத்துவிடலாம். அதற்காகப் பழக்கப்படுபவர்தான் கிராம சுகாதாரப் பணியாளர் (அதே ஊரில் வாழ்ந்து, நோய் வராமல் காக்கப் பயிற்சி பெற்றவர்).

வெளியிலிருந்து நர்ஸ் வந்தால் போதாதா? மகாராஷ்டிரத்தில் வறட்சியான ஜாம்கேட் பகுதியில் இதை நினைத்துத்தான் தொடங்கினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் படித்த மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் 1970இல் அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். வெளியூர் நர்ஸ்களால் கிராமத்தில் ஒட்ட முடியவில்லை. ஊரும் அவர்களிடம் மனம் விட்டுப் பேசவில்லை. அதனால் ஊராரே தங்களில் ஒரு பெண்ணைத் தேர்ந்து அனுப்பட்டும் என்று முடிவு செய்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மருத்துவம் புரியுமா? வந்தவர்களில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். பலர் தலித் பெண்கள். பாட்டு, படம், நடித்துக் காட்டுவது எனப் பாடம் நடந்தது. இரவு எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பெரிய போர்வைக்குள் படுத்துத் தூங்கினார்கள். எந்த வீட்டு வாசலையும் தயங்காமல் மிதிக்க வேண்டியவர்களுக்கு அதுவும் ஒரு பாடம்தான். இந்தப் பணிக்காக 1979இல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாமே? கூடாது. ஜாம்கேட் பெண்கள் வாராவாரம் வந்தார்கள். கொஞ்சம் கற்று, ஊருக்குப் போய்ச் செய்து பார்த்து, மறுவாரம் திரும்பி வந்து பேசினார்கள். சொன்னதை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்ற பேச்சிலிருந்துதான் அடுத்த பாடம் பிறந்தது.

கண்ணால் காட்டுவது என்றால் எப்படி? மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் டேவிட் வெர்னர் என்பவரும் அங்கிருந்த சுகாதாரப் பணியாளர்களும் சுரைக்குடுவையைக் குழந்தையாக்கினார்கள். மேலே வாயை அகலமாக வெட்டி, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, உள்ளே தண்ணீர் நிரப்புவார்கள். கீழே இருக்கும் அடைப்பைப் பிடுங்கினால் அதுதான் பேதி. தண்ணீர் இறங்க இறங்க, தலைமேல் இருக்கும் துணி உள்ளே குழிந்துபோகும். உச்சிக்குழி விழுந்ததால் பேதி ஆகிறது என்று நம்பிய தாய்மார்கள், பேதியால்தான் உச்சிக்குழி விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். நீரிழப்பு (உடலில் நீர்ச்சத்து வற்றிப்போவது) என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் என் வீட்டில் குழந்தைக்குப் பேதியானால்? தண்ணீரையோ தாய்ப்பாலையோ நிறுத்தாதீர்கள். உள்ளே இருப்பது வடியும்போது மேலே ஊற்றத்தான் வேண்டும். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான பொடி) பொட்டலம் கிடைத்தால் அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரையுங்கள். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரை (பேதியின் வேகத்தைக் குறைப்பது) பற்றிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண்கள், குடிக்கக்கூட முடியாத சோர்வு, ஓயாத வாந்தி, நெடுநேரம் சிறுநீர் போகாமல் இருப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள்.

கை கழுவ எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வெள்ளைப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் கையைக் கழுவுங்கள். அடுத்து, இன்னொரு வெள்ளைப் பாத்திரத்தில் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். முதல் கழுவலில் போகாத அழுக்கு இரண்டாவதில் இறங்குவதைப் பார்க்கலாம். மலம் கழித்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின், சமைக்கும் முன், ஊட்டும் முன் இப்படிக் கழுவினால் பேதி பெரிதும் குறையும். சோப்பை அலமாரியில் வைக்காமல் கழிப்பறைப் பக்கத்திலேயே வையுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் பழக்கம் ஒட்டும்.

கொசுவுக்கு என்ன செய்வது? டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் குடம், தொட்டி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, தேய்த்துக் காயவிடுங்கள். பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

நான் வேறென்ன செய்யலாம்? அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் வந்தால், தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். "செய்து காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். சோப்பு வாங்கப் பணமில்லை, தண்ணீர் வரவில்லை, மாமியார் ஒப்பவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்தத் தடைதான் அவர் அடுத்து கற்க வேண்டிய பாடம்.