மேடை யாருடையது? – 9
பெண்கள் கட்சி

திருவையாறு ஆராதனையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வேட்டி அங்கவஸ்திரக் கூட்டம் ஒரு பக்கம், பட்டுப்புடவைக் கூட்டம் மறுபக்கம். நாட்டையில் எடுத்து ஸ்ரீராகத்தில் முடிக்கும்வரை தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் இரு பக்கமும் சேர்ந்தே பாடுகிறார்கள். என்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும். அந்தப் புடவை வரிசைக்கு வயது எண்பத்துச் சொச்சம்தான்.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். காவிரிக்கரையில் அவரை அடக்கம் செய்த இடம் சீடர்களின் காலத்துக்குப் பிறகு கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய அளவில் நடத்த ஆரம்பித்தார்கள். கூடவே சண்டையும் ஆரம்பித்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு. ராமனைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றிருந்த மனிதரின் சமாதியில் யார் முதலில் பூஜை செய்வது என்று வித்வான்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் பேதமே கிடையாது. பெண்கள் பாடக் கூடாது.

இந்த இடத்தில்தான் பெங்களூர் நாகரத்னம்மாள் வருகிறார். 1878-ல் நஞ்சன்கூட்டில், தேவதாசி குலத்தில் பிறந்தவர். மைசூரில் பெயர் எடுத்து, சென்னைக்கு வந்து, கச்சேரிகளில் கொடிகட்டிப் பறந்தவர். இந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற சிருங்கார காவியம் வெட்டிக் குறைத்து அச்சாகியிருந்தது. நாகரத்னம்மாள் மூலச் சுவடியைத் தேடிப் பிடித்து, 1910-ல் முழுதாகப் பதிப்பித்தார். ஆண்கள் எழுதினால் ரசம், பெண் எழுதினால் ஆபாசமா என்பது அவர் கேள்வி. அரசு புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்க 1947 வரை ஆனது.

சமாதி சிதிலமடைந்து கிடக்கிறது என்று 1921-ல் அவருக்குச் சேதி சொன்னவர் குரு பிடாரம் கிருஷ்ணப்பா. தியாகராஜரே கனவில் வந்தார் என்றும் அம்மாள் சொல்லிக்கொண்டார். கனவு அவருடையது, அதை நாம் குடைய வேண்டாம். விழித்தெழுந்து அவர் செய்த காரியம்தான் நமக்குக் கணக்கு. நேரே திருவையாற்றுக்குப் போய் நிலத்தை வாங்கினார். கச்சேரி பாடிச் சேர்த்த பணத்தைக் கொட்டிச் சன்னிதி கட்டினார். மூலவராகத் தியாகராஜர் விக்கிரகம் வைத்து 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் முடித்தார்.

அப்படியும் கதவு திறக்கவில்லை. கல் அவர் போட்டது, கூரை அவர் போட்டது. ஆராதனையன்று அதன் முன்னால் உட்கார்ந்து பாடுவது மட்டும் அவருக்கு ஆகாது! தன் காசில் கட்டிய வீட்டுத் திண்ணையில் ஒருவரை ஓரமாக நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அம்மாள் அழவில்லை, கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. ஊரில் இரண்டு கட்சிதானே இருக்கிறது, மூன்றாவதாக ஒன்று இருக்கட்டும் என்று 1927-ல் பெண்கள் கட்சியைத் தொடங்கினார். சன்னிதிக்கு முன்புறம் இடம் இல்லையா, பின்புறம் இருக்கிறது. அங்கே தேவதாசிக் குலத்துப் பாடகிகள் வந்து உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். அம்மாள் ஹரிகதை சொன்னார். முன்னால் ஆண்கள் பாடப் பாட, சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பாடினார்கள். கேட்கும் சாமி ஒருவர்தான்.

கூடவே நிலச் சொந்தக்காரி என்ற பிடியையும் அவர் விடவில்லை. எந்தக் கட்சி பூஜைக்கு வந்தாலும், நேரம் குறிக்க வந்தாலும், அந்த அம்மாளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இதுவரை இந்தத் தொடரில் பார்த்த பல விழாக்களில் பெண்களுக்குக் கிடைத்தது அழைப்பிதழில் ஒரு வரி, அல்லது ‘மகளிர் நாள்’ என்று ஒதுக்கிய ஒரு மாலை நேரம். கொடுத்தவர் நினைத்தால் அடுத்த வருஷம் எடுத்துவிடலாம். திருவையாற்றில் அது முடியவில்லை. இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் என்பேன்.

பதினைந்து வருஷம் போலாயிற்று. 1940–41 காலத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் இடையில் நின்று பேசி, மூன்று கட்சிகளும் ஒன்றாகி, தியாகப்பிரம்ம மகோத்சவ சபா அமைந்தது. பெண்களும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அம்மாள் அப்போதும் வாய்வார்த்தையை நம்பவில்லை. சொத்தை அறக்கட்டளையாக எழுதிவைத்தபோது, தேவதாசிகள் உட்படப் பெண்களுக்கும் அங்கே ஆண்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று நிபந்தனை போட்டே எழுதினார்.

அவரை அப்பழுக்கற்ற போராளியாக்க எனக்கு விருப்பமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த தேவதாசி ஒழிப்பு முயற்சியை அவர் எதிர்த்தார். சட்டம் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்தே அழித்துவிடும் என்பது அவர் வாதம். பொட்டுக்கட்டும் வழக்கத்தால் சிறுமிகள் பட்ட பாட்டை நினைத்தால் நான் முத்துலட்சுமி பக்கம்தான். சட்டம் வந்த பிறகு அந்தக் குலத்துக் கலைஞர்கள் மேடையிலிருந்தே மறைந்துபோனதைப் பார்க்கும்போது, அம்மாள் பயந்ததும் வீண் பயமில்லை என்று தோன்றுகிறது.

மூன்றாவது கட்சி என்ற யுக்தி பிறகும் தேவைப்பட்டிருக்கிறது. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், விக்கு விநாயக்ராமிடம் பாடம் கேட்டவர். பெண் கடம் வாசித்தால் உடன் உட்கார மாட்டோம் என்று மிருதங்கக்காரர்கள் சிலர் மறுத்தார்கள். அவர் 1995-ல் பெண்களை மட்டுமே வைத்து ‘ஸ்த்ரீ தாள் தரங்க்’ என்று ஒரு குழுவைத் தொடங்கி வாசித்தார். முன்னால் இடமில்லை என்றால் பின்னால் உட்கார்ந்து பாடு என்கிற அதே திருவையாற்றுக் கணக்குதான்.

நாகரத்னம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952 மே மாதம் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி. அதில் அவரது சிலை தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் பஞ்சரத்தினம் முடிந்து கூட்டம் கலையும்போது உடனே பேருந்துக்கு ஓடாமல், அந்தப் பக்கமும் நாலு எட்டு நடந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

(தொடரும்)