பட்டன் தைத்த செருப்பும் பாவையாடும் தோலும்

பாபநாசத்திலிருந்து மலையேறிக் காரையாறு சென்றால் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு அங்கே திரளும் கூட்டத்தை விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தோழர்கள் நன்கறிவர். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை என்ன? பொன்னா? பட்டா? இல்லை, தோல் செருப்பு! இந்த ஆண்டு வைத்த செருப்பு மறு ஆண்டு தேய்ந்திருக்கும் என்பர் பக்தர்கள். அந்தத் தேய்மானக் கணக்கை நாம் ஒப்புவதற்கில்லை. ஆனால், செருப்பு அங்கே வந்த கதை இருக்கிறதே, அதைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டாக வேண்டும் என்கிறோம்.

முத்துப்பட்டன் பார்ப்பனக் குடியிலே பிறந்தவன். பொம்மக்கா, திம்மக்கா எனும் அருந்ததியர் குலத்துச் சகோதரிகளிடம் மனத்தைப் பறிகொடுத்தான். பெண்களின் தந்தை வாலப்பகடை, "குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்து வா, பிறகு பேசலாம்!" என்றான். பட்டன் செய்தான், மணந்தான், மாடு கவர வந்த கூட்டத்தோடு போரிட்டு மாண்டான். வில்லுப்பாட்டிலே வாழும் இந்தக் கதையை, 1917-இல் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை பதிப்பித்தார், 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனத்திகளே, பகடை வெறும் வளர்ப்புத் தந்தையே என்று பிற்காலத்தார் போட்ட ஒட்டையும் அவர் அம்பலப்படுத்தினார்.

அதே நாங்குநேரியிலே, 2023 ஆகஸ்டில் நடந்தது என்ன? தாழ்த்தப்பட்ட சமுதாயத்து மாணவனை, ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர்! தடுத்த தங்கைக்கும் வெட்டு! நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதி காட்டும் கைக்கயிறுக்குத் தடை கேட்டது. கயிற்றை ஆணை போட்டு அறுத்துவிடலாம். கயிறு கட்டத் தூண்டும் எண்ணத்தை?

அதற்குத்தான் பாவைக்கூத்தை அழைக்கிறோம். தென்மாவட்டங்களில் தோல்பாவை ஆட்டுவோர் வீட்டிலே மராட்டி பேசுவோர், திரைக்குப் பின்னே தமிழ் முழங்குவோர். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கேற்றி, ஒருவரே பல குரலில் பேசுவார். பெரும்பாலும் இராமாயணம், அதைப்பற்றி நமது கருத்து ஊரறிந்தது. எனினும், இடையிலே நுழையும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் கேலி இருக்கிறதே, அது பாமரனின் சொத்து!

அந்த இருவரின் கையைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் உலகைச் சுற்றலாம். மணிமேகலை பேசும் சாவகநாட்டிலே எருமைத்தோல் பாவை. அங்கே செமார் என்னும் தொந்தி பெருத்த வேலைக்காரன், அரசகுமாரனுக்கே புத்தி புகட்டுவான்; ஏனெனில் அவன் வேலைக்கார உருவிலே இருக்கும் தேவன்! துருக்கியிலே ஒட்டகத்தோல். கராகோஸ் எழுத்தறியாதவன்; படித்த மேதை ஹாஜிவத்தை அவன் படுத்தும் பாடு கொஞ்சமா? சீனத்திலே மாட்டுத்தோலும் கழுதைத்தோலும். எந்தப் பாவை எந்தத் தோல் என்று சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பூகோளம் முடிந்தது.

அப்போது ஒரு பிள்ளை எழுந்து கேட்பான்: "அய்யா, தோலைத் தொட்டவனை எந்த நாட்டிலே ஒதுக்கி வைத்தார்கள்?" கேட்கட்டும்! நம் நாட்டிலே என்று ஆசிரியர் சொல்லட்டும். ஜப்பானிலும் தோல் தொழிலாளரை ஒதுக்கினர், 1871-இல் சட்டத்திலே அந்த இழிவை நீக்கினர், ஆனாலும் மனத்தளவில் நெடுநாள் நீங்கவில்லை என்பதையும் சொல்லட்டும். பிறகு, பட்டன் செருப்புத் தைக்கும் காட்சியைத் திரையிலே காட்டட்டும்!

ஆகாத காரியமா இது? டில்லியில் 1979-இல் அமைந்த பண்பாட்டு வள, பயிற்சி மையம், பாவைக்கலையைக் கல்விக் கருவியாகவே ஆசிரியர்களுக்குக் கற்றுத் தருகிறது. ஆசிரியர் கற்றால் போதுமா? தலைமுறை தலைமுறையாகப் பாவை பிடித்த குடும்பங்கள் அருகி வருகின்றனவே, அவர்களைக் கூலி கொடுத்துப் பள்ளிக்கு அழைப்பது யார் பொறுப்பு? பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோராக அமர்ந்திருக்கும் நம் தோழர்கள், அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வைக்கலாம். மூன்று மாலைகள், கூத்துக் குடும்பத்துக்கு முன்பணம், முதலில் பட்டன், அடுத்து செமார், பிறகு கராகோஸ். ஒட்டுப் போட்ட கதை மட்டும் திரைக்கு வேண்டாம். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்களாகவே வரட்டும்.