பொன்னாடை யாருக்கு?

எங்கள் தாதியர் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். சென்ற ஆண்டு விருந்து நிகழ்ச்சியில் மனிதநேயச் சேவைக்காக ஒருவரைச் சிறப்பிப்போம் என்று செயற்குழுவில் முடிவானது. அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது.

முதலில் வந்தது ஒரு டத்தோவின் பெயர். அவர் எங்கள் கல்லூரியில் படித்தவரே இல்லை. அவர் மனைவி படித்தவர். “பத்து மேசை வாங்கிக்கொள்வார்” என்றார் பொருளாளர். அவரையும் குறை சொல்ல முடியாது. மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவர் தலையில்தானே விழுகின்றன.

நான் என் வகுப்புத் தோழியின் பெயரைச் சொன்னேன். குழுவில் பலருக்கு அவரை நினைவே இல்லை. மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், சனிக்கிழமைதோறும் கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய், இனிப்பு நீரால் காலில் புண் வந்தவர்களுக்குக் கட்டு மாற்றுகிறார். காசு வாங்குவதில்லை. என்ன செய்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டுப் பேசுவோமே என்று ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

மின்தூக்கி பழுது. நான்காவது மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. எங்களுக்கு முன்னால் ஓர் அக்கா விறுவிறுவென்று ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். உள்ளே இருந்த பெரியவர், “எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்” என்று காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்து, அவர் மகனைப் பற்றி, பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கால் வெளியே வந்தது. பெருவிரலுக்கு அடியில் புண். ஏதோ குத்தியிருக்கிறது, உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் மறைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் மறைத்து வைப்பதாலேயே கடைசியில் எடுக்கும்படி ஆகிவிடுகிறது என்பதைத் தாதிகளாகிய நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

2019இல் எடுத்த தேசிய ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஜாம்கெட் நினைவாகவே இருந்தது. படிக்கும் காலத்தில் சமூகச் சுகாதாரப் பாடத்தில் கேட்ட ஊர். இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. ராஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். இருவரும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்கள். வசதி குறைந்த இடங்களுக்குப் போய் உழைக்கும் தன் மாணவர்களுக்கென்றே அந்தக் கல்லூரி பால் ஹாரிசன் விருது என்று ஒன்றை வைத்திருக்கிறது. அங்கே மேசைக் கணக்கு கிடையாது என்று நினைக்கிறேன்!

ஜாம்கெட்டில் அப்போது வறட்சி. மக்கள் மருத்துவத்துக்கு முன் தண்ணீரைத்தான் கேட்டார்கள். அதனால் கிணறு தோண்டும் வேலையையும் அவர்களே எடுத்துச் செய்தார்கள். பிறகு ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்களும் பலர். பிரசவம் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது, இரத்த அழுத்தம் அளப்பது எல்லாம் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1971இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே வந்துவிட்டது. தம்பதிக்கு 1979இல் மகசேசே விருது கிடைத்தது. முழுத் தகுதி உடையவர்கள்தாம். ஆனால் வீடு வீடாகப் போன அந்தப் பெண்கள் எந்தக் கல்லூரிக்கும் முன்னாள் மாணவிகள் இல்லை. அவர்களை எந்தச் சங்கம் கூப்பிடும்?

செயற்குழு ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு தோழிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு. “நான் மட்டும் வந்து என்ன செய்யப் போறேன்? எனக்குக் கட்டுப் போடத் தெரியும், அவ்வளவுதான். அக்கா இல்லேன்னா ஒரு வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. அவங்களையும் கூப்பிடு, வர்றேன்” என்றார்.

மறுபடியும் சண்டை. சங்க விதிப்படி முன்னாள் மாணவருக்கு மட்டுமே விருது. ஒரு வாரம் இழுத்த பிறகு, சான்றிதழ் தோழிக்கு, பொன்னாடை இருவருக்கும் என்று முடிவானது. டத்தோ ஐந்து மேசை வாங்கினார், கோபித்துக்கொள்ளவில்லை.

அன்று மேடையில் நான் நீளமாகப் பாராட்டவில்லை. அந்த நான்காவது மாடியில் நடந்ததை அப்படியே சொன்னேன். அக்கா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்தின் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஓய்வுபெற்ற தாதியர் மூவர் அவரிடம் போய், அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். இருவர் வந்தார்கள். ஒருவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

சான்றிதழில் அக்காவின் பெயர் இல்லாதது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. விதியைத் திருத்த வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிவதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார்.