கல்லை எரித்துக் கட்டிய நகரங்கள்

திக்கால், கோபான், உஷ்மால் போன்ற மாயா நகரங்களின் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, 'இத்தனை கல்லையும் எப்படித் தூக்கினார்கள்?' என்பதுதான். இரும்பு உளி இல்லை, பாரவண்டி இல்லை, பொதி சுமக்க மாடோ குதிரையோ இல்லை. முதுகில் கூடை, அதைத் தாங்க நெற்றியில் ஒரு பட்டை, அவ்வளவுதான். கல் விஷயத்தில் மட்டும் இயற்கை கொஞ்சம் கருணை காட்டியது. அங்கே கிடைக்கும் சுண்ணக்கல், வெட்டிய புதிதில் மிருதுவாக இருக்கும். காற்றுப் பட்டுத்தான் இறுகும். கற்கருவிகளே அதற்குப் போதும்.

என்னைக் கேட்டால், சுமந்ததைவிடப் பெரிய கதை எரித்ததில் இருக்கிறது. கட்டுவதற்கும் பூசுவதற்கும் தரை போடுவதற்கும் சுண்ணாம்பு வேண்டும். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பக் கிராமங்களில் வழிவழியாக வந்த முறையில் இதற்குக் காளவாய்கூடத் தேவையில்லை. மரங்களை வெட்டி, நடுவில் ஒரு துளை விட்டு வட்டமாக அடுக்குவார்கள். பெரும்பாலும் பச்சை மரம். உடைத்த சுண்ணக்கல்லை அதன் தலையில் பரப்பி, துளை வழியாகத் தீ வைப்பார்கள். சுமார் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. பனியிலும் மழையிலும் அப்படியே விட்டுவைத்தால் அது தானாக நீறிப் பொடியாகி, குவியல் உப்பிப் பெருகும். பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது.

ஒரு டன் சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 5 டன் விறகு. ஒரு சதுக்கம் முழுக்கப் பூசுவதென்றால் எவ்வளவு காடு!

ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கோபான் பூச்சின் ரகசியம் 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. அவ்வூர்க் கொத்தனார்கள் சொன்னதைக் கேட்டு, 'சுக்கும்', 'ஹியோட்டே' என்ற இரு மரங்களின் பட்டைச் சாற்றைச் சாந்தில் கலந்து பார்த்தார்கள் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பழைய பூச்சிலும் இந்தப் புதிய சாந்திலும் சுண்ணப் படிகங்களுக்குள் தாவரப் பொருள் பிணைந்திருந்தது. கிளிஞ்சல் ஓட்டின் உறுதிக்கும் இப்படிப்பட்ட பிணைப்புதான் காரணம்.

சுண்ணாம்பு சுட்டுச் சுட்டே காடு அழிந்து நகரங்கள் வீழ்ந்தன என்று ஒரு வாதம் உண்டு. கோபானை ஆராய்ந்த எலியட் ஆப்ரம்ஸ் இதை ஏற்கவில்லை. அவர் கணக்கில் அங்கே மரத்தை அதிகம் தின்றது வீட்டு அடுப்பு. எனக்கும் அதுவே நம்பும்படி இருக்கிறது: கோயில் பூச்சு எப்போதாவது வரும் வேலை, சமையலோ அன்றாடம். மேலும், யுகட்டானின் பூக் குன்றுப் பகுதியில் வட்டக் குழிச் சூளைகள் பல கிடைத்திருக்கின்றன. குழிக்குள் சூடு அடங்கி நிற்பதால், திறந்த வெளி அடுக்கைவிட அவற்றுக்கு விறகு குறைவாகவே போதும்.